எட்டும் 'எய்ட்'டும் உறவா?

கொல்கத்தாவில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம், இந்தி என்று நாலு மொழியோடு புழங்குகிறார்கள். இந்த நாலில் எது எதற்குச் சொந்தம்? ஆங்கிலம் வெள்ளைக்காரன் மொழி, மற்ற மூன்றும் ஒரு குடும்பம் என்றுதான் சட்டென்று தோன்றும். மொழி வரலாறு சொல்வதோ வேறு. ஆங்கிலமும் வங்காளமும் இந்தியும்தான் பங்காளிகள். தமிழ் தனி வீடு.

இந்த உறவுக்கு விதை விழுந்ததே நம் ஊரில்தான். 1783-ல் இங்கே நீதிபதியாக வந்த சர் வில்லியம் ஜோன்ஸ், அடுத்த ஆண்டே ஏஷியாட்டிக் சொசைட்டியை நிறுவினார். 1786 பிப்ரவரி 2 அன்று அங்கே உரையாற்றுகையில், வடமொழி, கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயல் அல்ல, இன்று வழக்கொழிந்திருக்கக்கூடிய ஒரு மூலமொழியிலிருந்து இவை பிறந்திருக்க வேண்டும் என்றார். வடமொழியிலிருந்து ஆங்கிலம் பிறந்தது என்று அவர் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பாட்டியின் வழிவந்தவை, அவ்வளவுதான். அந்தக் குடும்பத்துக்கே இந்தோ-ஐரோப்பியம் என்று பெயர்.

சான்று என்ன? குழந்தைக் கதைகளால் நாம் அறிந்த யாக்கோப் கிரிம் 1822-ல் அதை விளக்கினார். வடமொழியில் 'ப' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஃப' வருகிறது: பித்ரு–ஃபாதர், பாத–ஃபுட், பஞ்ச–ஃபைவ். 'த்வி', 'தச', 'தந்த' என்பவற்றின் முதல் ஒலி ஆங்கிலத்தில் 'ட' ஆகிறது: டூ, டென், டூத். ஒரு சொல் ஒத்துப்போவது பெரிதல்ல. ஒரே மாற்றம் பல சொற்களில் வரிசையாக வருவதுதான் சான்று.

ஆங்கிலத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. 5-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலர், சாக்சனியர் கொண்டுவந்த ஜெர்மானிய மொழிதான் அதன் அடித்தளம். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் வந்து குவிந்தன. அதனால்தான் வலிப்பது 'டூத்', காட்டப்போவது 'டென்டிஸ்ட்'டிடம்! இரண்டும், வங்காளியின் 'தாந்த்'தும் ஒரே வேர்.

நம் கூட்டங்களில் அடிக்கடி ஒன்று கேட்கலாம்: "எட்டுதான் சார் எய்ட் ஆச்சு, ஒண்ணுதான் ஒன் ஆச்சு!" கேட்க இனிமைதான். ஆனால் பழைய ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 'ஆன்' என்று பெயர், 'ஒன்' என்ற உச்சரிப்பு பிற்காலத்தது. 'எய்ட்' லத்தீன் 'ஒக்டோ', வடமொழி 'அஷ்ட' ஆகியவற்றின் உடன்பிறப்பு. நம் எட்டின் வேரோ 'எண்'. எண்பது, எண்ணூறு என்கிறோம் அல்லவா? கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. ஓசை ஒத்திருப்பது தற்செயல்.

தமிழின் உண்மையான சுற்றம் எது? 1816-ல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ், தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று காட்டினார். அதற்கு 40 ஆண்டுகளுக்குப் பின், 1856-ல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். பலுசிஸ்தானத்துப் பிராகுயியும் நம் சுற்றம்தான். அவ்வளவு தூரம் போவானேன்? ஜார்கண்டிலும் வடவங்கத் தேயிலைத் தோட்டங்களிலும் ஒராவ் மக்கள் பேசும் குடுக் மொழி தமிழின் உறவு. 2018-ல் மேற்கு வங்க அரசு அதற்கு ஆட்சிமொழித் தகுதி அளித்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கட்டுமரமும் சுருட்டும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவைதான். அது கொடுக்கல் வாங்கல், இரத்த உறவு அல்ல. ஆங்கிலத்துக்குத் தமிழைத் தாயாக்கினால்தான் தமிழுக்குப் பெருமை என்றில்லை. தனி வீடாக, தன் சுற்றத்தோடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எழுத்தில் வாழ்ந்துவருவதே போதுமான பெருமை.

இனி உங்கள் பிள்ளை "எட்டும் எய்ட்டும் ஒண்ணாப்பா?" என்று கேட்டால், எண்பது, எண்ணூறு என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். விடை அதிலேயே இருக்கிறது.