உதிர்ந்த மணியும் பொன்னருவியும்

சாவகம் என்று மணிமேகலை குறிக்கும் ஜாவாத் தீவில், உழவர் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் பிறக்கிறது. அதன் முதற்பருவத்திற்கு அம்மக்கள் வழங்கிய முதுமொழி, "பதித்த இடத்தினின்று மணி உதிர்ந்தது" என்பதாகும். மணியென்றது மரத்தின் இலையை. ஓர் இலை உதிர்வதையும் அணிகலனின் இழப்பாகக் கண்ட உள்ளம் எத்தகையது!

'பிரனாத்தா மங்சா' எனப்படும் அப்பருவக் கணக்கில் 12 பருவங்கள் உள்ளன. அவை சமமானவை அல்ல. குறுகியது 23 நாள், நீண்டது 43 நாள். தலைமுறைகள் காத்துவந்த இவ்வறிவை 1855-இல் சுரகார்த்தா மன்னர் ஏழாம் பாகுபுவனா முறைப்படுத்தினார். இரண்டாம் பருவத்தில் "மண் பிளந்தது". மூன்றாவதில் "மகன் தந்தையைப் பின்பற்றுகிறான்". கொடி கொம்பைப் பற்றி ஏறும் காலம் அது. நான்காவதில் "நெஞ்சினுள் கண்ணீர் ததும்புகிறது", ஊற்றுகள் வற்றுகின்றன. ஐந்தாவதில் "பொன்னருவி உலகெங்கும் சிதறுகிறது". முதல் மழை வந்துவிட்டது; உழவன் எழுகிறான்.

இவை வெறும் அலங்காரச் சொற்கள் அல்ல. நிலத்தை உற்றுநோக்கச் செய்த கட்டளைகள். "மெமாயு ஹாயுனிங் பவானா" என்பது அம்மக்களின் மற்றொரு முதுமொழி. உலகின் அழகுக்கு அழகு சேர்ப்பாயாக என்பது அதன் பொருள். 'பவானா' நாம் அறிந்த 'புவனம்' என்னும் சொல்லே. மனிதன் உலகின் உடைமையாளன் அல்லன். அதனைப் பேணி அழகூட்டக் கடமைப்பட்டவன் என்பதே இதன் உட்கருத்து.

1970-களில் குறுகிய கால நெல்வகைகள் பரவின. ஆண்டுக்கு இருபோகமும் முப்போகமும் விளைவிக்க முற்பட்டபோது, காத்திருக்கும் வழக்கம் மறைந்தது. தெளித்த நஞ்சு பூச்சிகளை உண்ணும் சிலந்திகளையும் கொன்றது. புகையான் பெருகி வயல்களை அழித்தது. 1986-இல் இந்தோனேசிய அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிருக்குத் தடைசெய்தது. 1989-இல் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளில் உழவர்கள் பயிரினூடே அமர்ந்து, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணக் கற்றனர். அவர்தம் முன்னோர் செய்ததும் இதுவன்றோ?

இன்று மழை பழைய நாள்கணக்கின்படி வருவதில்லை. 1855-இன் தேதிகள் பிழைபடலாம். ஆயினும் அம்முதுமொழிகள் கற்பித்த பாடம் பிழைபடவில்லை: நிலத்தில் கை வைக்குமுன், நிலம் என்ன சொல்கிறதெனக் கேள். அப்பொறுமையை இழந்த தலைமுறைக்கு, உதிரும் இலையும் ஓர் ஆசானே.