மூச்சின் வரலாறு – 7: பரிசு யாருக்கு?

சென்ற வாரம் பழவேற்காட்டு ஏரியில் நிறுத்தியிருந்தோம். இருளர் பெண்கள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறி பல்லிடுக்கில். வாயைத் திறந்தால் பறி போச்சு; மூச்செல்லாம் மூக்கு வழிதான். முகம் முங்கினால் அதுவும் நின்றுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிற சேதியை மூளைக்குச் சொல்வது யார்?

மூச்சடக்கியவரை மேலே வரச்சொல்லி நெருக்குவது பெரும்பாலும் உள்ளே சேரும் கரியமில வாயுதான். முங்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் அந்த வாயு வெளியேறிவிடும்; தவிப்பே தெரியாமல் மயக்கம் வந்து ஆளைக் கொல்லும். ஆனால் ஆக்சிஜனுக்கென்றே ஒரு உளவாளியும் உண்டு.

1743. பழவேற்காட்டின் கெல்டிரியா கோட்டை டச்சுக்காரர் கையில் இருந்த காலம். ஜெர்மனியின் கோட்டிங்கனில் உடற்கூறியல் பேராசிரியர் ஹாலரின் மாணவர் டவ்பே, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில் அரிசியளவு முடிச்சு ஒன்றைக் குறித்துவைத்தார். நரம்பு முடிச்சு என்றார்கள், சுரப்பி என்றார்கள். ஏறக்குறைய 180 வருஷம் இந்தக் குழப்பம்!

1926, மாட்ரிட். நரம்பியல் அறிஞர் கஹாலின் சீடர் பெர்னாண்டோ டி காஸ்ட்ரோ அந்த முடிச்சை நுண்ணோக்கியில் வைத்தார். நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டி அணுக்கள். அவற்றைத் தொட்டு நிற்கும் நரம்பு நுனிகள். ரத்தத்தின் தன்மை மாறுவதை உணரும் உறுப்பு இது என்று 1928இல் எழுதினார். இன்று நமக்கு இன்னும் கொஞ்சம் தெரியும்: ஆக்சிஜன் குறைந்தால் அந்த அணுக்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் மூடிக்கொள்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, ஒன்பதாம் மூளை நரம்பு வழியாக முகுளத்துக்குச் சேதி போகிறது, மூச்சு வேகமெடுக்கிறது. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் பாதரசக் கணக்கில் 60 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் கூச்சல் பலக்கும். அதுவரை முணுமுணுப்பு.

டி காஸ்ட்ரோ கண்ணால் பார்த்ததைப் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கார்னெய் ஹேமன்ஸ் நாய்களை வைத்துச் சோதித்து நிரூபித்தார். 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹேமன்ஸுக்கு மட்டும். டி காஸ்ட்ரோவின் ஸ்பெயினோ உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. பங்கு போட்டுக் கொடுத்திருந்தால் நோபல் குழுவுக்கு என்ன குறைந்திருக்கும்?

கதை இதோடு முடியவில்லை. 1960இல் எட்மண்ட் ஹிலாரி இமயமலைக்கு அழைத்துப்போன குழுவில் சுகமய் லாஹிரி என்ற வங்காள உடலியலாளர் இருந்தார். சுமார் 5,800 மீட்டர் உயரத்தில் வெள்ளி நிறக் குடில். அந்த முடிச்சு ஓயாமல் அலற வேண்டிய உயரம். கீழேயிருந்து போனவர்களுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஷெர்ப்பாக்களோ மூட்டையோடு ஏறிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கழுத்தில் இருந்த உளவாளி ஊமையா?

(தொடரும்)