வேடம் கலையாத கிழவர்

திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தின் அயலில் வளர்ந்தவன் நான். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் எங்களூரில் தங்கும்போது, முருகன் கிழவனாக வேடமிட்டு வள்ளியிடம் வந்த கதையைச் சொல்வார்கள். கேட்போர் சிரிப்பார்கள். கிழவன் உண்மையில் குமரன் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். கலைவதற்கு வேடமே இல்லாத கிழவர் ஒருவர் மணம்புரிந்தபோது, தமிழகத்தில் ஒரு கட்சியே பிளந்தது.

1949 யூலை 9ஆம் திகதி பெரியார் ஈ.வெ.ரா., மணியம்மையைப் பதிவுத் திருமணம் செய்தார். அப்போது பெரியாருக்கு வயது 69. மணியம்மை ஏறத்தாழ 40 ஆண்டுகள் இளையவர். வேலூரைச் சேர்ந்த அவர், 1943 முதல் பெரியாருக்கு உதவியாளராக இருந்து, உடல்நலம் பேணி, கூட்டங்களில் இயக்க நூல்களை விற்றுவந்தார். முதல் மனைவி நாகம்மையார் 1933இலேயே காலமாகியிருந்தார்.

பொருந்தாத் திருமணங்களைக் கண்டித்துவந்தவரே இப்படிச் செய்யலாமா என்று அண்ணாதுரையும் தோழர்களும் கொதித்தனர். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இயக்கத்தையும் அதன் சொத்துகளையும் தமக்குப் பின் காக்கச் சட்டபூர்வமான வாரிசு வேண்டும் என்பது பெரியாரின் விளக்கம். அக்கால இந்துச் சட்டம் பெண்பிள்ளையைத் தத்தெடுக்க இடமளிக்கவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு வழிதிறந்தது. மகளாக ஏற்க முடியாதவரை மனைவியாக ஏற்றார் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். ஆயினும், ஓர் இயக்கத்தின் எதிர்காலத்தைத் திருமணப் பதிவேட்டில் தேடியது பெரியாரின் பிழை என்றே நான் கருதுகிறேன். அதைவிடப் பெரிய பிழையொன்றை இரு தரப்பும் செய்தன. கிழவர் செய்தது சரியா என்றே வாதாடினார்கள். மணக்க இசைந்த பெண்ணும் ஒரு முடிவெடுத்தவர் என்பது கணக்கில் வரவில்லை.

பெரியாரின் பிறந்தநாளான செப்டம்பர் 17இல் திராவிட முன்னேற்றக் கழகம் உதயமானது. தலைவர் பதவி அவருக்கென்றே வெறுமையாக விடப்பட்டது. 1967இல் ஆட்சியைப் பிடித்த அண்ணாதுரை முதலில் திருச்சி சென்று பெரியாரைக் கண்டார். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரமும் தந்தார். ஒரு திருமணத்தால் பிரிந்தவர் கொடுத்த திருமணச் சட்டம் அது!

நம் நாட்டில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம்மிலும் பல ஆண்டுகள் இளையவரான அவுஸ்திரேலியப் பெண்மணியை 1906இல் மணந்தார். 1930இல் அவர் மறைந்தபின், மருதனார்மடத்து மகளிர் கல்லூரியைப் பேணியவர் அந்த லீலாவதி அம்மையாரே.

மணியம்மையும் அப்படித்தான். 1973 டிசம்பர் 24இல் பெரியார் மறைந்ததும் திராவிடர் கழகத்தின் தலைமையை ஏற்றார். மறு ஆண்டே சென்னையில் இராவண லீலா நடத்தி வழக்கைச் சந்தித்தார். நெருக்கடி நிலைக் காலத்திலும் அமைப்பைக் குலையவிடவில்லை.

1978 மார்ச் 16இல் அவர் காலமானார். அப்போது நான் செய்தி அறையில் இளைய உதவி ஆசிரியன். "பெரியாரின் மனைவி காலமானார்" என்று தலைப்பிட்டு, நாலு வரிச் செய்தியாக அச்சுக்கு அனுப்பினேன். அவர் வகித்த தலைமைப் பதவியை அந்த நாலு வரியில் நான் குறிப்பிடவேயில்லை.