பாட்டில் பாலும் ஒரு மறியும்

பத்து நாளா இந்தப் பக்கம் வர முடியல. காப்பிப் பழம் எடுப்பு ஒரு பக்கம், செம்மறிக்குட்டி ஒண்ணுக்குத் தாய் வேலை பாக்கறது இன்னொரு பக்கம். நம்ம ஆடு ரெட்டைக்குட்டி போட்டுச்சு. கிடாக்குட்டியை நக்கிச் சேத்துக்கிட்டது, மறியைக் காலால தள்ளி விட்டுடுச்சு. பண்ணைக்காட்டுப் பனியில ஒரு ராத்திரி தாங்காதுன்னு அடுப்படிக்குத் தூக்கிட்டு வந்தேன்.

மறிங்கிற வார்த்தையே எவ்வளவு பழசு தெரியுமா? தொல்காப்பியத்துல மரபியல்ல இளமைப் பெயர் ஒன்பது சொல்லியிருக்கு. அதுல மறியும் ஒண்ணு. ஆடு, குதிரை, மான் இதுகளோட குட்டிக்கு அந்தப் பேர். பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார் சொன்னப்ப, எங்க வீட்டுப் பேச்சு புஸ்தகத்துல இருக்கேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. நாங்க இப்ப பொட்டைக்குட்டியை மட்டும்தான் மறின்னு சொல்றோம்.

என் சின்ன வயசுல தாயில்லாக் குட்டிக்கு மூங்கில் குழாய்தான். மாட்டுக்குக் கஷாயம் ஊத்துற அதே குழாயில சின்னதா ஒண்ணு சீவி வச்சிருப்பாங்க. வாயை அண்ணாத்திப் பிடிச்சு ஊத்தணும். பொறுமைக்காரங்க துணித்திரியைப் பால்ல நனைச்சுச் சப்பக் கொடுப்பாங்க. எங்கய்யாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் வளத்த ஒரு குட்டி, குழாய்ப் பால் குடிச்ச மூணாம் நாள் இளைப்பு வந்து செத்துப்போச்சு. குளிர்னு சொன்னாங்க. நானும் முப்பது வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

அது குளிரா இருந்திருக்காது. தலையைத் தூக்கி ஊத்துனா பால் மூச்சுக்குழாய்க்குள்ள போய் நுரையீரல்ல இறங்கிடும். இன்னொரு விஷயமும் இருக்கு. ஆட்டுக்கு நாலு வயிறு. குட்டி தானா சப்பிக் குடிச்சா உள்ள ஒரு பள்ளம் குழாய் மாதிரி மூடிக்கிட்டு, பாலை நேரா நாலாவது வயித்துக்குக் கொண்டுபோகும். ஊத்துனா அந்தப் பள்ளம் சரியா மூடாது. பால் முதல் வயித்துல தங்கிப் புளிச்சுடும். அதனாலதான் சப்புறதுக்கு ஒரு காம்பு வேணும்.

அந்தக் காம்பு வந்த கதையைக் கேளுங்க. 1839-ல அமெரிக்காவுல குட்இயர்னு ஒருத்தர் ரப்பரைக் கந்தகத்தோட சேத்துச் சுட்டுப் பதப்படுத்தக் கண்டுபிடிச்சார். 1845-ல எலைஜா பிராட்னு நியூயார்க்காரர் ரப்பர்க் காம்புக்குக் காப்புரிமை வாங்கினார். மனுஷக் குழந்தைக்குத்தான் செஞ்சது, ஆனா அந்தக் கால ரப்பர் நாத்தம் தாங்காதாம். அதே 1845-லதான் மதுரை அமெரிக்க மிஷன்காரங்க காய்ச்சலுக்குப் பயந்து கொடைக்கானல்ல முதல் ரெண்டு வீடு கட்டினாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல, வருஷம் ஒண்ணா இருக்கவும் சொல்லத் தோணுச்சு. எங்க வீட்டுக்கு ரப்பர்க் காம்பு வந்தது என் கல்யாணத்துக்கு அப்புறம்தான். மருந்துக் கடையில பிள்ளைக்கு வாங்குன நிப்பிளை ஒரு குவார்ட்டர் பாட்டில்ல மாட்டிக்கிட்டோம்.

நம்ம மலையில செம்மறின்னா மன்னவனூரை விட முடியாது. ராஜஸ்தான்ல அவிகாநகர்ல மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் 1962-ல தொடங்கினாங்க. அதோட தென்மண்டல மையம் 1965-ல மன்னவனூருக்கு வந்துச்சு. பூம்பாறை தாண்டிப் போகணும், புல்வெளியும் குளிரும் கம்பளி ஆட்டுக்கு ஏத்த இடம். அங்க இருக்கிறது பாரத் மெரினோ. ராஜஸ்தான் சோக்லா, நாலி மாதிரி நாட்டு ஆடுகளோட ராம்புலே, ரஷ்ய மெரினோ கிடாக்களைச் சேத்து உண்டாக்கின இனம். சுற்றுலா வர்றவங்க முயல் பாத்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. அம்பது வருஷத்துக்கு மேல நடக்கிற வேலைன்னு யாருக்கும் தெரியாது.

இப்ப நம்ம மறிக்கு வர்றேன். செம்மறி வயித்துக்குள்ள இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி தாய்கிட்ட இருந்து குட்டிக்குப் போறதில்ல. எல்லாம் சீம்பால்லதான் இருக்கு. அதுவும் 24 மணி நேரத்துக்குள்ள குடல் அதை வாங்குறதை நிறுத்திடும். அதனால தாயைக் கம்பத்துல கட்டி, வீட்டுக்காரி தலையைப் பிடிக்க, நான் சீம்பாலைப் பீச்சி எடுத்தேன். உதை ரெண்டு வாங்கினேன். 3 கிலோ குட்டிக்கு முதல் நாள் 600 மில்லி வரைக்கும் போகணும், நாலஞ்சு தடவையா பிரிச்சு. எனக்குக் கிடைச்சது 400 கூட இல்ல. மிச்சத்துக்கு, பக்கத்துத் தோட்டத்துல அன்னைக்கு ஈன்ற வெள்ளாட்டுச் சீம்பால் கெஞ்சி வாங்கினேன்.

இதுல ஒண்ணு கவனிங்க. பிள்ளையைப் போல மடியில மல்லாத்திக் கொடுக்காதீங்க. குட்டி நாலு கால்ல நிக்கணும், தாய் மடியை முட்டுற உயரத்துல பாட்டிலைப் பிடிக்கணும். வாயில விரலை விட்டுப் பாருங்க, சில்லுனு இருந்தா முதல்ல சூடு காட்டுங்க, அப்புறம்தான் பால். குளிர்ந்த குட்டிக்குச் சப்பவே தெம்பு இருக்காது.

மூணாம் நாள் லேசா இருமுச்சு. எனக்குப் பழைய குட்டி ஞாபகம் வந்து, ராத்திரி முழுக்க அடுப்பங்கரையிலேயே உக்காந்திருந்தேன். விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுந்து என் வேட்டியை இழுத்துச் சப்புச்சு.

இப்ப பதினோராம் நாள். பசும்பால்தான் கொடுக்கிறேன். செம்மறிப் பாலை விடக் கொழுப்புக் கம்மி, அதனால தடவை கூட்டியாச்சு. நேத்து ஒரு கொய்யா இலையைக் கடிச்சுப் பாத்துத் துப்பிடுச்சு. நிப்பிள் கிழிஞ்சு போச்சு, நாளைக்கு வத்தலக்குண்டு போற பஸ்ஸுல ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.