ஒரு பகலில் சதுரகிரி

விருதுநகரிலிருந்து மேற்கு நோக்கி, கரிசல் வெளியைக் கடந்து, திருவில்லிபுத்தூரையும் தாண்டி வத்திராயிருப்பை அடைகிறவனுக்கு, அதுவரை தொடுவானத்தில் வெறும் நீலக் கோடாகத் தோன்றிய மேற்குத் தொடர்ச்சி மலை, கரும்பாறைச் சரிவுகளும் அடர்ந்த வனமுமாகத் தனித்தனிச் சிகரங்களாய்ப் பிரிந்து புலப்படும். சித்தர்கள் இன்றும் வாசம் செய்வதாக ஜனங்கள் நம்புகிற சதுரகிரி அச்சிகரங்களின் நடுவே இருக்கிறது. தலபுராணம் கிழக்கே இந்திரகிரி, மேற்கே வருணகிரி, வடக்கே குபேரகிரி, தெற்கே ஏமகிரி என்று திசைக்கொரு மலையை நிறுத்தி, அவற்றின் நடுவில் சிவகிரி, விஷ்ணுகிரி, பிரம்மகிரி, சித்தகிரி என வேறு நான்கையும் வைக்கிறது. பூகோளப் படத்தில் இவற்றைத் தேடுவது வீண். ஆயினும் ஒரே மூச்சில் ஏறி முடிக்கிற மலையல்ல இது, ஒன்றேறி ஓடையில் இறங்கி மற்றொன்றேற வேண்டும் என்பதைப் புராணகாரர் கால்நோக நடந்தே அறிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இம்மலைநடையின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவன் பாதையிலுள்ள இடங்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே போனால் போதும். தாணிப்பாறையில் அடிவாரத்துக் காவல் தெய்வங்களை வணங்கிப் புறப்பட்டதும் குதிரை ஊற்று, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை. அப்பால் கோரக்கர் குகை, இரட்டை லிங்கம். பிறகு சின்னப் பசுக்கிடை, நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை, பெரிய பசுக்கிடை. இறுதியில் பலாமரத்தடியில் பிலாவடிக் கருப்பு. சித்தரின் பெயர் தாங்கிய குகைக்கு மேலே, மலையின் உட்பகுதியில், மாட்டுக்கிடையின் பெயர் இரண்டிடத்தில் வருகிறது. யாத்திரிகர் வருமுன்பே மாடு மேய்ப்போர் தேய்த்துவைத்த தடம் இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கதையும் அதையே சொல்கிறது. கோட்டையூர் இடையனான பச்சைமால், தன் பசுவின் பாலைத் துறவிக் கோலத்திலிருந்த ஒருவர் அருந்தக் கண்டு, ஆத்திரத்தில் கோலால் அடித்துவிட, அடிபட்டவர் சிவபெருமானே என்று பிற்பாடு தெரியவந்ததாம். மலைமேல் கோயில்கொண்ட சுந்தரமகாலிங்கத்தின் திருமேனி ஒருபுறம் சாய்ந்து, அடித்த தழும்போடு இருப்பதற்கு இதுவே காரணம் என்பர். அடித்தவனைச் சபிக்காமல் ஆட்கொண்ட தெய்வம் என்பதனாலோ என்னவோ, மேய்ப்பரும் உழவரும் கூலிக்காரரும் இங்கே அச்சமின்றி உரிமையோடு வருகின்றனர்.

தனியாக எவரும் ஏறாத மலை இது. யானை நடமாடும் காட்டிலே கூட்டமே காவல். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாக மட்டுமன்றி, சாப்டூரிலிருந்தும் வருசநாட்டு உப்புத்துறையிலிருந்தும் ஊர் ஊராகக் குழுசேர்ந்து ஏறுவது நெடுநாள் வழக்கம். யாத்திரிகரின் சுமையைத் தூக்கி வந்தவர்களுள் அடிவாரத்துப் பளியர் பழங்குடியினர் முக்கியமானவர். காட்டை அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை, எனினும் தலபுராணம் ஓதுகிறவர்கள் அவர்களை நினைப்பதில்லை. நான்கைந்து மணி நேரம் ஏறிக் களைத்தவர்களுக்கு மேலே மடங்களில் அந்நாளில் கஞ்சியும் சோறும் கிடைத்தன. இரவு அங்கேயே தங்கி, மறுநாள் அடுத்துள்ள சந்தனமகாலிங்கத்தைத் தரிசித்து, கால் வலுவுள்ளவர்கள் தவசிப்பாறையும் பெரிய மகாலிங்கமும் கண்டு இறங்கினர். ஒரு யாத்திரை என்பது அன்று இரண்டு மூன்று நாள் மலைவாசமாக இருந்தது.

ஏறுகிறவர்களில் பலர் கீழேயுள்ள கந்தக பூமியான சிவகாசி வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொடங்கிய தொழில், பின்னர் பட்டாசாகவும் அச்சாகவும் கிளைத்தமைக்கு அப்பிராந்தியத்தின் வறட்சியே பெருந்துணை. மருந்து காய வெயில் வேண்டும், மழை ஆகாது. அந்த வறண்ட நிலத்திற்கு அர்ச்சுனா நதி வழியாக வருகிற தண்ணீரோ இம்மலைச் சாரலில் பெய்த மழைதான். தீக்குச்சி செய்து பிழைக்கிற ஊர்க்காரனும் தாணிப்பாறை வாயிலில் தன் மடியிலுள்ள தீப்பெட்டியை வனக்காவலரிடம் கொடுத்துவிட்டே மலையேற வேண்டும். கோடையில் காட்டுத் தீ மூளுகிற சரிவுகள் ஆதலால் இது நியாயமான விதி.

1988இல் இவ்வனம் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2015ஆம் ஆண்டு மே மாதம் அமாவாசையை ஒட்டிக் கூடியிருந்த பக்தர்கள் மீது ஓடையில் திடீர் வெள்ளம் பாய்ந்து பலர் மாண்டனர். அதன்பின் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களே ஏறலாம் என்ற விதி சில ஆண்டுகள் இருந்தது; இரவு தங்கலாகாது என்ற கட்டுப்பாடும் வந்தது. தனியார் மடங்களின் அன்னதானமும் நின்றது. 2021இல் இவ்வனத்தையும் உள்ளடக்கித் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மழை மிகுந்தால் அனுமதியே இல்லை. வெள்ளத்தில் மாண்டவர்களை எண்ணினால் குறை சொல்ல மனம் வராது. ஆயினும் கிடை போட்டுத் தங்கிய மேய்ப்பரும், கஞ்சி காய்ச்சிய மடத்தாரும் வளர்த்த பழைய யாத்திரை, இவ்விதிகளால் காலையில் ஏறி மாலைக்குள் இறங்குகிற ஒரு பகல் நடையாகச் சுருங்கிவிட்டது. சந்தனமகாலிங்கம் வரை போவதற்கே பொழுது சரியாகிவிடுகிறது. அதற்கும் மேலேயுள்ள பாறைகளைப்பற்றி இளைஞர்கள் பெரியவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.