உணர்வுத் தாக்கம்

உணர்வுத் தாக்கம் என்பது, ஒருவர் தம்முடன் இருப்பவர்களிடம் வழக்கமாக எழுப்பும் உணர்வைக் குறிக்கும். சிலர் உள்ளே வந்தால் பேச்சு சூடுபிடிக்கும்; சிலர் வந்தால் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் கைபேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். அவரவருடைய சொந்த மனநிலை வேறு, இது வேறு. எப்போதும் உற்சாகமாக இருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்தாலே சிலருக்குப் படபடப்பு வரும். உள்ளுக்குள் கவலை அரித்துக்கொண்டிருக்கும் ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்குத் தெம்பாக இருக்கக்கூடும்.

இதை ஒரு தனிப் பண்பாகவே அளந்து காட்டியவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் நோவா ஐசன்கிராஃப்ட், ஹிலரி ஆங்கர் எல்ஃபென்பைன் ஆகியோர் (2010). மேலாண்மை முதுகலை மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து படித்தும் திட்டப்பணி செய்தும் வந்தனர். தம் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தமக்கு எவ்வளவு மகிழ்ச்சி, அமைதி, சலிப்பு, கோபம், மன அழுத்தம் தருகிறார் என்பது போன்ற கேள்விகளுக்கு அவர்கள் பதிலளித்தனர். எல்லாரையும் பார்த்து எரிச்சல்படுபவரின் சுபாவத்தையும், இரண்டு பேருக்குள் மட்டும் உள்ள உரசலையும் கணக்கிலிருந்து கழித்த பிறகும், ஒரு குறிப்பிட்ட ஆள் பலரிடமும் ஒரே வகை உணர்வை எழுப்புவது தெரியவந்தது. மற்றவர்களுக்கு இதமாக இருப்பவர்கள் நட்பு வலைப்பின்னலின் நடுவில் இருந்தனர். மற்றவர்களை வாட்டுபவர்களோ ஒதுங்கியிருக்கும் ஊமைகள் அல்லர். அவர்கள் கூச்சமின்றிப் பேசிப் பழகுபவர்களாகவும் விட்டுக்கொடுக்காதவர்களாகவும் இருந்தனர். முகம் கடுகடுத்தவரைத்தான் நாம் சந்தேகிப்போம் என்பதால் இந்த முடிவு கவனத்துக்குரியது.

இதோடு அடிக்கடி குழப்பப்படுவது உணர்ச்சித் தொற்று. எதிரில் இருப்பவரின் முகபாவம், குரல், உடல் தோரணை ஆகியவற்றை அறியாமலே பின்பற்றி, அவருடைய மனநிலையையும் பிடித்துக்கொள்வதே அது. எலைன் ஹாட்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் இதைப் பற்றி நூல் எழுதினர். பீட்டர் டாட்டர்டெல் தொழில்முறை கிரிக்கெட் அணிகளின் வீரர்களிடம் சிறு கணினிகளைக் கொடுத்து, ஆட்டத்தின்போதே மனநிலையைப் பதியச் செய்தார் (2000). ஆட்டம் யார் பக்கம் சாய்கிறது என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், ஒரு வீரரின் மனநிலை சக வீரர்களுடையதோடு ஒத்தே சென்றது. சிகல் பார்சேட் தம் சோதனையில் (2002) நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரைக் குழுக்களுக்குள் கலந்துவிட்டார். ஊக்கத்தொகையைப் பங்கிடுவது குழுவின் வேலை. நடிகர் இனிமையாக நடந்துகொண்ட குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, பூசல் குறைந்தது.

குழுப்பணியில் நிகழ்வது

இந்தத் தாக்கம் வேலையைத் தொடும் முதன்மையான வழி பேச்சு என்றே சொல்லலாம். எக்டர் மாட்ரிட் குழுவினரின் ஆய்வின்படி (2016), இதமான தாக்கமுள்ள தலைவரின் கீழ் உறுப்பினர்கள் தமக்குத் தெரிந்ததைப் பகிர்ந்துகொள்கின்றனர். புதுமுயற்சிகள் பெருகுவது அதன் வழியாகத்தான். வாட்டும் தலைவரின் கீழ் தகவல் அவரவரிடமே தங்கிவிடுகிறது. ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் கண்டதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்: நல்ல தலைமை இருந்த செவிலியர் குழுக்களிலிருந்துதான் மருந்துப் பிழைகள் பற்றிய அறிக்கைகள் அதிகம் வந்தன. அங்கே பிழையை வெளியே சொல்ல யாரும் அஞ்சவில்லை என்பது அவர் தந்த விளக்கம்.

எண்டூரன்ஸ் பயணம்

இந்த ஆய்வுகளுக்கு வெகு முன்பே உணர்வுத் தாக்கத்தைப் பட்டறிவால் கையாண்டவராகத் துருவப் பயணத் தலைவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் அடிக்கடி காட்டப்படுகிறார். அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் பனிக்கட்டிகள் நெரித்த எண்டூரன்ஸ் கப்பல் 1915 நவம்பர் 21 அன்று மூழ்கியது. 28 பேர் மிதக்கும் பனியில் நின்றனர். ஆளுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருள்தான் அனுமதி. ஆனால் வானிலையாளர் ஹஸ்ஸியின் கனமான பாஞ்சோ இசைக்கருவியை மட்டும் விட்டுவரக்கூடாது என்றார் ஷாக்கிள்டன். யார் எந்தக் கூடாரத்தில் தங்குவது என்று பிரித்தபோது, தம்மை மதிக்கவில்லை என்று குமுறக்கூடிய ஒளிப்படக்காரர் ஹர்லியைத் தம் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார்.

தச்சர் ஹாரி மெக்நிஷின் கதை இதைவிடச் சிக்கலானது. டிசம்பரில் படகுகளை இழுக்க அவர் மறுத்தார். கப்பலே போய்விட்டது, இனி ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதிட்டார். ஆனால் ஜேம்ஸ் கேர்டு என்ற சிறு படகின் விளிம்பை உயர்த்தி, சறுக்குவண்டிக் கட்டைகளாலும் கான்வாஸ் துணியாலும் மேல்தளம் அமைத்து, தென்பெருங்கடலைத் தாங்கும்படி ஆக்கியவரும் அவரே. பின்னர் எல்லாரும் படகுகளில் போய்ச் சேர்ந்த எலிஃபண்ட் தீவிலிருந்து, 1916 ஏப்ரல் 24 அன்று அந்தப் படகில் உதவி தேடிப் புறப்பட்ட ஆறு பேரில் மெக்நிஷையும் ஷாக்கிள்டன் சேர்த்துக்கொண்டார். கைத்திறன் ஒரு காரணம். தீவில் தங்கும் 22 பேரின் மனத்தை அவர் கெடுத்துவிடுவார் என்ற அச்சம் இன்னொரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். தீவில் பொறுப்பேற்ற ஃபிராங்க் வைல்டு, தலைவர் இன்றே வரலாம் என்று சொல்லிப் படுக்கைகளைச் சுருட்டிவைக்கச் செய்துவந்தார். ஆகஸ்ட் 30 அன்று மீட்புக் கப்பல் வந்தது. 28 பேரில் ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் போலார் பதக்கம் மறுக்கப்பட்ட நால்வரில் மெக்நிஷும் ஒருவர். பயணத்துக்கு அவர் செய்ததைப் பார்த்தால் அது நியாயமாகத் தோன்றவில்லை.

எல்லைகள்

இனிமையே எங்கும் பலிக்கும் என்றும் சொல்வதற்கில்லை. தாமஸ் சை குழுவினரின் சோதனையில் (2005) தலைவர் நல்ல மனநிலையில் இருந்த குழுக்கள் நன்கு ஒருங்கிணைந்தன. மோசமான மனநிலையில் இருந்த தலைவரின் குழுக்களோ கூடுதலாக உழைத்தன. ஹெர்பன் வான் கிளீஃப் குழுவினர் கண்டது (2009): எதையும் ஆழ்ந்து சிந்திக்க விரும்புபவர்களின் குழு, தலைவர் கோபத்தைக் காட்டியபோது மேலும் நன்றாகச் செயல்பட்டது. கோபத்தில் நம் வேலை சரியில்லை என்ற செய்தியை அவர்கள் படித்தார்கள். அப்படிச் சிந்திக்க முனையாதவர்களுக்கு மகிழ்ச்சியான தலைவரே பயன்பட்டார். ஆனால் இவை ஒருமுறை காட்டும் உணர்ச்சியைப் பற்றியவை. ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையைச் சுற்றி உட்காருபவர்களுக்கு அந்தக் கோபம் செய்தியாகவே நீடிக்குமா, வாயை அடைக்குமா என்பதை ஒரு நாள் சோதனையால் அளக்க முடியாது.