தோற்றவனுக்கு ஒரு பாட்டு

1714 அக்டோபர் 3. கப்பப் பாக்கி கேட்டுப் பெரும்படையோடு செஞ்சிக்கு வந்துவிட்டார் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான். எதிரே சில நூறு குதிரை வீரர்களோடு தேஜ்சிங். நாம் தேசிங்கு ராஜா என்கிறோமே, அவரேதான்! வயசு இருபத்திரண்டு என்பார்கள். கோட்டையை ஆண்டது பத்து மாசம்கூட இல்லை. அன்றைக்கே செத்துப்போனார்.

ஜெயித்த நவாபைப் புகழ்ந்து 'சையீத் நாமா' என்று பாரசீகத்தில் ஒரு புத்தகமே எழுதினார்கள். நம்மில் யார் படித்தோம், சொல்லுங்கள்! தோற்ற தேசிங்குவையோ தெருப்பாடகர்கள் தூக்கிக்கொண்டார்கள். அவர் குதிரை, உயிர்கொடுத்த முஸ்லிம் நண்பன் என்று எல்லோரும் பாட்டில் ஏறினார்கள். கொஞ்சம் கற்பனையும் ஏறியது, இருக்கட்டுமே! அப்புறம் அதுவே மலிவு விலைப் பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைக்கு வந்தது. எந்த அரண்மனையும் கேட்டு எழுதிய பாட்டல்ல அது.

சினிமா கம்பெனி வாசலில் நிற்காமல் சொந்தமாக ஆல்பம் போடும் இன்றைய ராப் பையன்களும் அதே சாதிதான். மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-ல் 'வல்லவன்' கொண்டுவந்தார்கள். 2019-ல் அரக்கோணத்து அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு வெளியிட்ட ஆல்பத்தின் பெயரே 'தெருக்குரல்'! 2018 தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் பலியான ஸ்னோலின் பெயரில் அதில் ஒரு பாட்டு உண்டு. வேறு யார் பாடியிருப்பார்கள்?

தேசிங்குவோடு அவர் மனைவியும் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் பெயர் வைத்த ஊர்தான் ராணிப்பேட்டை என்கிறார்கள். 2019 நவம்பரில் அது தனி மாவட்டமானது. அரக்கோணம் இருப்பது அந்த மாவட்டத்தில்தான்.